உடல் ஒன்று, உறுப்புகள் பல

கிறிஸ்தவ சபைகளைப் பற்றிய பேச்சுகளில் மூன்று சொற்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. சுவிசேஷப் பணி என்பது ஒன்று. ஆவியின் வரங்கள் என்பது மற்றொன்று. சபை ஐக்கியம் என்பது மூன்றாவது. சுவிசேஷம் என்பது நற்செய்தி. அதனைப் பிறருக்கு அறிவிப்பது சுவிசேஷப் பணி. இறைவனின் ஆவியானவர் மனிதருக்கு அருளும் ஆற்றல்கள் வரங்கள் எனப்படும். பல பிரிவுகளாகச் சிதறிக் கிடக்கும் சபைகள் ஒன்றாகக் கூடுவதே ஐக்கியம்.

இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்றே பலர் எண்ணுகின்றனர். ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்கிறவருக்குச் சபை ஐக்கியம் வீண் பேச்சாகத் தோன்றுகிறது. ஐக்கியத்திற்காக மாநாடு கூட்டுகிறவருக்கு, வரங்களைப் பற்றிப் பேசுவோர் உணர்ச்சி வயப்பட்டவர்களாகத் தோன்றுகின்றனர். வரம் பெற்றோம் என்பவருக்கோ, ஏனைய சபைகள் உயிரற்ற கூடுகளாகத் தெரிகின்றன. ஆனால் இம்மூன்றும் ஒரே பொருளின் மூன்று பக்கங்கள் என்பதே என் கருத்து. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றினால், பற்றியதும் கைநழுவிப் போகும். இதனைத் தென்னிந்தியச் சபைகளின் வரலாற்றைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

முதலில், வரங்களைப் பற்றிய பழைய சாசனம் ஒன்றைப் பார்ப்போம். ஏறத்தாழ கி.பி. 55ஆம் ஆண்டில், பவுல் என்னும் அப்போஸ்தலர் கிரேக்க நாட்டின் கொரிந்து நகரத்துச் சபைக்கு ஒரு நிருபம் எழுதினார். கொரிந்து இரு துறைமுகங்களை உடைய வாணிக நகரம். பல நாட்டாரும், செல்வரும், அடிமைகளும் கலந்து வாழ்ந்த இடம். அங்கே தோன்றிய சிறு சபைக்கு வரங்களில் குறைவில்லை. ஞானத்தைப் போதிப்போர் இருந்தனர். நோய் தீர்ப்போர் இருந்தனர். தீர்க்கதரிசனம் உரைப்போரும், அறியாத பாஷைகளில் பேசுவோரும் இருந்தனர். குறைவாக இருந்தது ஒற்றுமை ஒன்றுதான். தலைவர்களின் பெயரால் கட்சிகள் எழுந்தன. பொதுவிருந்தில் செல்வர் முந்தி உண்ண, ஏழைகள் பசியோடு நின்றனர்.

இந்நிலையில் பவுல், வரங்களே வேண்டா என்று விலக்கினாரில்லை; அவற்றை அளப்பதற்கு ஓர் அளவுகோல் தந்தார். சபை ஓர் உடல். வரம் பெற்றவர்கள் அதன் உறுப்புகள். கண் கையைப் பார்த்து, நீ எனக்கு வேண்டுவதில்லை என்று கூற இயலாது. எந்த வரமும் அதனைப் பெற்றவருடைய பெருமைக்காக அன்று, முழு உடலின் பயனுக்காகவே அருளப்படுகிறது. அன்பு இல்லாவிடில் எவ்வளவு பெரிய வரமும் வெறும் ஓசையே. இவ்வாறு விளக்கிய அவர், மேலும் ஒன்று கேட்கிறார். எல்லாரும் ஒரே வேளையில் அறியாத பாஷைகளில் பேசிக்கொண்டிருக்கும்போது, வெளியார் ஒருவர் உள்ளே வந்தால் அவர் என்ன எண்ணுவார்? நீங்கள் பித்துப் பிடித்தவர்கள் என்று எண்ணமாட்டாரா? வரம், ஐக்கியம், சுவிசேஷம் ஆகிய மூன்றும் இந்த ஒரு கேள்வியில் வந்து கூடுவதைக் காண்க. உள்ளே ஒழுங்கும் அன்பும் இல்லையேல், வெளியே இருப்பவருக்குச் செய்தி சென்று சேராது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் நாள், சீகன்பால்கு என்ற ஜெர்மானியர் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார். அவர் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். டென்மார்க்கு மன்னரால் அனுப்பப்பட்டவர். அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் பல சங்கங்கள் தமிழகத்திற்கு வந்தன. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த இரு சங்கங்கள் பணி செய்தன. தென் திருவிதாங்கூரில் இலண்டன் மிஷன் வேரூன்றியது. மதுரையில் அமெரிக்கன் மிஷன் 1834இல் தொடங்கியது. மெதடிஸ்டுகளும் ஸ்காட்லாந்து நாட்டாரும் தத்தம் இடங்களில் உழைத்தனர். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் புகாதபடி, மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துக்கொண்டனர்.

இந்த ஏற்பாடு சண்டையைத் தவிர்த்தது. ஆனால் விந்தையான விளைவு ஒன்றையும் தந்தது. பாளையங்கோட்டையில் பிறந்தவர் ஆங்கிலிக்கன் ஆனார். நாகர்கோவிலில் பிறந்தவர் இலண்டன் மிஷன்காரர் ஆனார். மதுரையில் பிறந்தவர் அமெரிக்கன் மிஷன்காரர் ஆனார். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் நடந்த வாதங்களை இவர்களுள் ஒருவரும் ஆராய்ந்து முடிவு செய்தவரல்லர். எந்தச் சங்கத்தின் எல்லைக்குள் வீடு இருந்ததோ, அந்தச் சங்கத்தின் பெயரைத் தாங்கினர். பிழைப்புத் தேடிச் சென்னைக்குச் சென்றபோதுதான், ஒரே மொழி பேசி, ஒரே வேதத்தை வாசித்து, ஒரே பாடல்களைப் பாடியும், ஒரே திருவிருந்தில் அமர இயலாதவர்களாகத் தாங்கள் இருப்பதைக் கண்டனர்.

இதனிடையே, வெளிநாட்டார் எவரும் ஏற்பாடு செய்யாத எழுச்சி ஒன்று தமிழ்நாட்டின் தென் பகுதியில் தோன்றியது. அதன் தலைவர் அருளப்பன். திருநெல்வேலிச் சீமையில் 1810இல் பிறந்து, இரேனியஸ் ஐயரிடம் கல்வி கற்று, பின்னர் எந்தச் சங்கத்தின் சம்பளத்தையும் நாடாமல் ஊழியம் செய்தவர். 1840இல் கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை ஏற்படுத்தினார். 1860ஆம் ஆண்டு அவரைச் சூழ்ந்திருந்தவர்களிடையே பெரும் அசைவு உண்டாயிற்று. மக்கள் தம் குற்றங்களை அறிக்கையிட்டு அழுதனர். சிலர் தரிசனம் கண்டதாகக் கூறினர். சிலர் அந்நிய பாஷைகளில் பேசினர். சிலர் தீர்க்கதரிசனம் உரைத்தனர். பலர் கூலி பெறாமல் ஊர் ஊராகச் சென்று நற்செய்தி அறிவித்தனர்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசுசா தெருவில் 1906இல் நடந்த எழுச்சியையே பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகப் பலர் எழுதுகின்றனர். அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்க் கிராமங்களில் இவ்வரங்கள் பேசப்பட்டன என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 1905இல் மராட்டிய நாட்டில், பண்டிதை இரமாபாய் நடத்திய முக்தி இல்லத்தில், ஆதரவற்ற பெண்களிடையே இத்தகைய எழுச்சி தோன்றியது. அங்கே பணி புரிந்த மின்னி ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க அம்மையார் அதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அந்நூல் தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் வால்பரைசோ நகரில் இருந்த மெதடிஸ்டுப் போதகர் ஹூவர் குடும்பத்தாரின் கைக்குச் சென்றது. 1909இல் அங்கும் எழுச்சி தோன்றிற்று. இந்தியாவில் ஏற்றிய விளக்கிலிருந்து சிலியில் ஒரு விளக்கு ஏற்றப்பட்டது எனலாம்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அடுத்த ஆண்டே ஹூவர் தம் சபையினின்று பிரிய நேர்ந்தது. புதிய சபை ஒன்று தோன்றியது. அசுசா தெருவில், அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த சீமோர் என்ற கறுப்பினப் போதகரின் தலைமையில், கறுப்பரும் வெள்ளையரும் அருகருகே முழங்காற்படியிட்டனர். அக்காலத்து அமெரிக்காவில் அது எளிய செயலன்று. எனினும் சில ஆண்டுகளுக்குள் அவ்வியக்கமும் நிறத்தின் வழியே பிளவுபட்டது. பழைய சபை புதிய வரத்திற்கு இடம் தர மறுத்ததும் உண்டு. வரம் பெற்றவர் பழைய சபையை இகழ்ந்ததும் உண்டு. கண்ணும் கையும் ஒன்றையொன்று வேண்டா என்ற பழைய கொரிந்துக் கதையே மீண்டும் நிகழ்ந்தது.

உடலின் உறுப்புகள் மீண்டும் கூடிய கதையும் உண்டு. அதன் நடுவில் நிற்பவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், ஒரு கிராமப் போதகரின் மகனாக 1874இல் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளரானார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே பணம் சேர்த்துக் கடல் கடந்து ஊழியரை அனுப்புவதைக் கண்டார். யாழ்ப்பாணத்தாரால் இயல்வது திருநெல்வேலியாரால் ஏன் இயலாது என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் பதிந்தது. மறு ஆண்டு, 1903 பிப்ரவரி 12ஆம் நாள், திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1905 கிறிஸ்துமஸ் நாளில், வங்காளத்துச் செராம்பூரில், எல்லாச் சபையாரும் சேர்ந்து நடத்தும் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கியது. அசரியா பிறரை அனுப்பியதோடு நில்லாமல், தெலுங்கு மொழியைக் கற்று, 1909இல் தோர்ணக்கல் பகுதிக்குத் தாமே மிஷனரியாகச் சென்றார்.

1910 ஜூன் மாதம் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பேராளர்கள் வந்தனர்; அவர்களுள் ஆசிய நாட்டார் இருபதின்மருக்கும் குறைவு. அங்கே அசரியா பேசினார். மிஷனரிமார் தம் பொருளையும் உடலையும் ஈந்ததற்கு நன்றி கூறினார். அவற்றோடு அன்பும் வேண்டும் என்றார். எஜமானர்களாக அல்லாமல் நண்பர்களாக வாருங்கள் என்னும் கருத்துப்பட வேண்டினார். பொருளை ஈந்தும் உடலைச் சுட்டெரிக்கக் கொடுத்தும் அன்பில்லையேல் பயனில்லை என்னும் கொரிந்து நிருபத்தின் எண்ணத்தையே அவர் அந்த அவையோரிடம் திருப்பிக் கூறினார். அவையில் சிலருக்கு அது கசந்தது. ஆயினும் அந்த மாநாட்டின் உரைகளுள் இன்றளவும் நினைக்கப்படுவது அதுவே. 1912 டிசம்பர் 29ஆம் நாள் அவர் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே.

தோர்ணக்கலில் அவர் கண்டது என்ன? நற்செய்தியை ஏற்க வந்தவர்களுள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட மக்கள், எழுத்தறியாதவர்கள். திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் தம் கையைத் தம் தலைமீது வைத்து, சுவிசேஷம் அறிவிப்பது தம் கடமை என்று உறுதி கூறும்படி அவர் செய்தார். பட்டம் பெற்ற போதகருக்கு மட்டுமே உரியது என்றிருந்த பணியை, உழவருக்கும் கூலியாளுக்கும் உரிமையாக்கினார். வரங்கள் பற்றிய போதனை நடைமுறையில் இதுதான் என்று நான் கருதுகிறேன். பாடத் தெரிந்தவர் பாடட்டும், கதை சொல்லத் தெரிந்தவர் சொல்லட்டும், நோயாளியைப் பேணத் தெரிந்தவர் பேணட்டும் என்றால், வரமற்றவர் என்று எவரும் எஞ்சமாட்டார். அவருடைய நாளிலேயே அந்தத் திருமண்டலத்தின் உறுப்பினர் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

அங்கேதான் பிரிவினையின் கேடும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. சாதியால் பிரிந்து கிடக்கும் ஊரில் சென்று, கிறிஸ்துவில் அனைவரும் ஒன்று என்று பிரசங்கிப்பவர், அடுத்த ஊர்ச் சபையாரோடு ஒரே அப்பத்தைப் பிட்டு உண்ண இயலாது என்றால், கேட்பவர் எதனை நம்புவார்? சீடர்கள் ஒன்றாயிருந்தால்தான் உலகம் விசுவாசிக்கும் என்னும் பொருள்பட இயேசுநாதர் செய்த ஜெபம் யோவான் சுவிசேஷத்தில் உள்ளது. அதனை அசரியா மேடைப் பேச்சாகக் கொள்ளவில்லை. அன்றாடப் பணியின் தேவையாகக் கண்டார்.

1919ஆம் ஆண்டு மே மாதம் 1, 2 தேதிகளில், சீகன்பால்கு இறங்கிய அதே தரங்கம்பாடியில் 33 பேர் கூடினர். அவர்களுள் 31 பேர் இந்தியர்; ஒருவர் ஆங்கிலேயர், ஒருவர் அமெரிக்கர். முதல் உலகப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத காலம் அது. இந்தியாவின் முன் நற்செய்தியை வைக்கும் மாபெரும் பணியைப் பிரிந்து நின்று செய்ய இயலாது என்றும், இப்பிரிவினைகள் தாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து வந்து படிந்தவை என்றும் அவர்கள் ஓர் அறிக்கையில் கூறினர்.

அந்த அறிக்கையில் ஒரு நுட்பம் உண்டு. ஒன்றாகும்போது எதையும் இழக்க வேண்டா என்றனர். ஒவ்வொரு விசுவாசியும் நேரே இறைவனை அணுகலாம், சபை மக்களே தம் காரியங்களை நடத்தலாம் என்பது காங்கிரிகேஷனல் சபையாரின் செல்வம். தேர்ந்தெடுக்கப்பட்ட மூப்பர்கள் கூடி ஒழுங்காக ஆள்வது பிரஸ்பிட்டேரியன் சபையாரின் செல்வம். பல சபைகளையும் பல தலைமுறைகளையும் இணைத்து நிற்கும் பேராயர் பதவி ஆங்கிலிக்கன் சபையாரின் செல்வம். இம்மூன்றும் ஒருங்கே வேண்டும் என்றனர். வரங்கள் தனி மனிதருக்கு மட்டுமல்ல, சபைகளுக்கும் உண்டு என்று அந்த 33 பேர் கண்டுகொண்டதாகவே நான் இதனைப் பொருள் கொள்கிறேன்.

இரண்டு நாளில் எழுதிய அறிக்கை நிறைவேற இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. பேராயரின் கைவைத்தலால் குருப்பட்டம் பெறாதவர் திருவிருந்து நடத்தலாமா என்பதே பெரிய முட்டுக்கட்டை. இறுதியில் ஒரு வழி கண்டனர். இணையும் சபைகளின் குருமார் அனைவரும் புதிய சபையின் குருமாராக ஏற்கப்படுவர். இனிப் பட்டம் பெறுபவர் பேராயராலேயே பெறுவர். எந்தச் சபையின் மீதும் அதன் மனச்சான்றுக்கு மாறான குருவையோ வழிபாட்டையோ திணிப்பதில்லை என்று வாக்குறுதி தரப்படும். சட்டத்தால் தீராத சிக்கலை நம்பிக்கையால் தீர்த்தனர். 1947 செப்டம்பர் 27ஆம் நாள், நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களுக்குப் பின், சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. பேராயர்களை உடைய சபையும் இல்லாத சபைகளும் ஒன்றாய் இணைந்ததை உலகம் வியந்து நோக்கியது. அந்நாளைக் காண அசரியா இல்லை. 1945 ஜனவரி 1ஆம் நாளே காலமாகிவிட்டார்.

1950இல் வெளிவந்த இச்சபையின் திருவிருந்து ஒழுங்கு, பல தோட்டத்துப் பூக்களால் தொடுத்த மாலை போன்றது. சமாதான வாழ்த்தைக் கையோடு கை சேர்த்து ஒருவர்க்கொருவர் அளிக்கும் முறை, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது. ஆங்கிலிக்கன் ஜெபங்களுடன், ஏனையோரின் எளிமையும் சேர்ந்தது. ஆந்திரத்தில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபையார் 1947இல் சேராமல் விலகி நின்றனர், எவரும் நெருக்கவில்லை. 1975இல் அவர்கள் வந்து சேர்ந்தனர். அந்த நந்தியாலுக்குத்தான் 2013இல் புஷ்ப லலிதா என்னும் அம்மையார், தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக நியமிக்கப்பட்டார். முக்தி இல்லத்துப் பெண்களுக்கு ஆவியானவர் அருளிய வரத்தைச் சபையின் சட்டம் ஏற்க நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றிருக்கிறது!

இவற்றைக் கூறும்போது, எல்லாம் நிறைவேறிவிட்டது என்ற எண்ணம் தோன்றலாகாது. ஐரோப்பாவிலிருந்து வந்த வேலியைக் கடக்க முடிந்த நமக்கு, நம் மண்ணிலேயே முளைத்த வேலி இன்னும் தடையாக நிற்கிறது. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று 1833இல் ஆணை பிறப்பித்தபோது, தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டே விலகினர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இரு சாதியாரைப் பிரிக்கவென்றே கத்தோலிக்க ஆலயம் ஒன்று இரு கைகளாகக் கட்டப்பட்டு, நடுவே தடுப்பு எழுப்பப்பட்டது. 1910இல் அத்தடுப்பை நீக்கியதும் வழக்கு நீதிமன்றம் ஏறியது. பிரிவினையை உரிமையாகக் கோரியவர்கள் தோற்றனர். எடின்பரோவில் அசரியா அன்பை வேண்டிய அதே ஆண்டில், அவர் பிறந்த சீமையில் ஓர் ஆலயத்துச் சுவர் இடிந்தது.

ஆனால் மனத்துச் சுவர்கள் அவ்வளவு எளிதில் இடிவதில்லை. கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்திலும் இன்னாருக்கு இந்தப் பக்கம் என்று கோடு போட்டிருப்பதை நான் ஓர் ஊரில் கண்டிருக்கிறேன். அங்கே சுவிசேஷக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. ஐக்கிய ஞாயிறும் கொண்டாடுகின்றனர். இறந்தவர்களையே ஒன்றாகக் கிடத்த மனமில்லாதவர்கள், உயிரோடிருப்பவருக்கு எந்த நற்செய்தியைக் கூறுவர்?

மறுபுறம் நம்பிக்கை தரும் செய்திகளும் உள்ளன. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்கர் அல்லாத கிறிஸ்தவர்களை நோக்கி நட்புக் கரம் நீட்டியது. 1970இல் ஆறு சபைகள் கூடி வட இந்தியத் திருச்சபையாயின. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பைத் தமிழில் வெளியிட்டனர். பெந்தெகொஸ்தே சபைகள் இன்று ஊர்தோறும் பெருகியுள்ளன. பழைய சபைகளில் வாய் திறவாதிருந்த எளியவர் பலர் அங்கே உரக்க ஜெபிக்கின்றனர், சாட்சி கூறுகின்றனர். இது பழைய சபைகள் கற்க வேண்டிய பாடம். நெடுங்காலத்து ஒழுங்கும், வரவு செலவுக்குக் கணக்குக் காட்டும் ஆட்சிமுறையும், பள்ளியும் மருத்துவமனையும் நடத்திய அனுபவமும் பழைய சபைகளிடம் உள்ளன. அவை புதிய சபைகள் கற்கத் தக்கவை. இவர் அவரைக் குளிர்ந்தவர் என்பதும், அவர் இவரைக் கூச்சலிடுபவர் என்பதும் இருவருக்கும் இழப்பே.

ஆகவே, எந்தச் சபையானாலும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று எனக்குத் தோன்றுகின்றன. என்னிடம் உள்ள வரத்தால் பிறர் பயன் பெறுகின்றனரா? என்னிடம் இல்லாத வரத்தைப் பிறரிடம் கண்டு மதிக்கிறேனா? வெளியார் ஒருவர் இன்று என் வாசலுக்குள் வந்தால், இங்கே அன்பு இருக்கிறது என்று கூறுவாரா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று விடை கூறும் சபை, அந்த நாளிலேயே சுவிசேஷப் பணியைத் தொடங்கிவிட்டது.